வேளாண் விரிவாக்கப் படிப்பும் டெல்டா வயலும்: எங்கே இடிக்கிறது?

கோரையாறு (நீடாமங்கலம் பக்கம்)

என் அக்காள் மகன் இளமறிவியல் வேளாண்மை முடிக்கப் போகிறான். மேற்படிப்புக்குப் பூச்சியியலா, வேளாண் விரிவாக்கமா (ஆராய்ச்சியில் கண்டதை விவசாயியிடம் கொண்டுசேர்க்கும் துறை) என்று என்னிடம் யோசனை கேட்கிறான். நான் பள்ளியிறுதியோடு நின்றவன். ஆனால் விரிவாக்கம் என்ற பெயரில் வருகிறவர்களை வரப்பில் நின்று பார்த்தே தலை நரைத்தவன்.

அவனுடைய பாடப் புத்தகங்களைப் புரட்டினேன். தகவல் தொடர்பின் கூறுகள், துண்டறிக்கை தயாரிப்பது, குழு விவாதம் நடத்துவது, ஊர்த் தலைவர்களை அடையாளம் காண்பது என்று போகிறது. வேண்டியவைதான். ஆனால் போன சம்பாவில் நடந்ததைக் கேளுங்கள். நட்டு இருபது நாள் இருக்கும், பயிரின் அடி இலைகளில் துருப்பிடித்தது போலப் புள்ளி விழுந்தது. பார்க்க வந்த இளம் அலுவலர் கைப்பேசியைத் திறந்து, "ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்" என்று வாசித்தார். பரிந்துரை சரி. என்னிடம் இருப்பது ஏழு மா. மாவுக்கு எவ்வளவு என்றேன். மா என்றால் எத்தனை சென்ட் என்று அவர் என்னைக் கேட்டார். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர் என்பதைத் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் வேலை பார்க்கப் போகிறவருக்கு ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. உரக்கடையில் கேட்டேன். "மாவுக்கு மூன்றரைக் கிலோ, மணலில் கலந்து தூவுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

நான்கு வருடம் படித்தவரைவிடக் கடைக்காரர் சொல்வது வயலுக்கு எடுபடுகிறது என்றால், படிப்பில் குறையா, வேலையில் குறையா? உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள். பையனுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

ஆடுதுறை27 (கும்பகோணம், பணி ஓய்வு)

கோரையாறு ஐயா, குறையைப் பட்டப்படிப்பின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். பட்டம் வாங்கி வந்த நாளில் எனக்கும் மா தெரியாது. கற்றுக்கொள்ள வைத்தது வேலை.

சுருக்கமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும். 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கிராம சேவகர் என்ற பதவி அதோடு வந்தது. கம்போஸ்ட் குழி, கழிப்பறை, முதியோர் கல்வி, நெல் ரகம் எல்லாம் அந்த ஒரு மனிதரின் பையில். அடுத்து 1960-61இல் நாட்டிலேயே முதலில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் வந்த மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. பெரியவர்கள் இன்றும் அதைப் பேக்கேஜ் திட்டம் என்றுதான் சொல்வார்கள். விதை, உரம், கடன், ஆலோசனை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த வேகத்தில்தான் 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் குறுவைப் பட்டம் முழுவதும் பரவியது.

நான் சேர்ந்த காலத்தில் நடப்பில் இருந்தது பயிற்சி மற்றும் பார்வையிடல் முறை. உலக வங்கிக் கடன், டேனியல் பெனோர் வகுத்த திட்டம். இந்தக் கிழமை இந்த ஊர் என்று பதினைந்து நாளுக்கு ஓர் அட்டவணை. நான் வராவிட்டால் டீக்கடையிலேயே கேட்டுவிடுவார்கள். அதே பதினைந்து நாளில் எனக்கும் ஒரு பயிற்சி நாள் உண்டு. அடுத்த இரண்டு வாரத்தில் வயலில் என்ன நடக்கும், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பது மட்டும் அன்றைய பாடம். பல்கலைக்கழக விஞ்ஞானிகளோடு மாதக் கூட்டம் ஆடுதுறையில். ஒரு கூட்டத்தில் நான் கேட்ட கேள்விக்கு அடுத்த கூட்டத்தில் பதில் வந்தாக வேண்டும். என் உண்மையான கல்லூரி அதுதான்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பதினைந்து நாள் பாடம் இல்லை.

கடைமடை

அந்த அட்டவணை வந்தது பெரிய வீட்டுத் திண்ணை வரைக்கும்தான் சார். தொடர்பு விவசாயி என்று நீங்கள் எழுதிக்கொண்டவர்களில் ஒரு வேலிக்குக் (இருபது மா) கீழே நிலம் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? அவர் கேட்டு எங்களுக்குச் சொல்வார் என்பது உங்கள் கணக்கு. அவர் சொல்லவில்லை. அவருக்கு என்ன அவசியம்?

ஆடுதுறை27

மறுக்கவில்லை தம்பி. எங்கள் கூட்டங்களிலேயே அந்தப் பேச்சு எழுந்தது. ஆனால் வராமலே இருப்பதற்கும் திண்ணை வரை வருவதற்கும் வித்தியாசம் உண்டு. திண்ணையிலிருந்து இறங்கச் சொல்லி ஆளைத் திட்டலாம். வராத ஆளை எங்கே தேடித் திட்டுவது?

இறுதியாண்டு

நான் வேளாண் மாணவி. எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை, இன்னும் மதிப்பெண் பட்டியல் வரவில்லை.

எங்களுக்கு ஊரக வேளாண்மைப் பணி அனுபவம் என்று ஒரு பருவம் இருக்கிறது. ஊரில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். எண்ணம் அருமையானது. நடப்பதைச் சொல்கிறேன். ஊருக்குப் போனதும் கோயில் வாசலில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுகிறோம். பிறகு காலக்கோடு, பருவ நாட்காட்டி. விதை நேர்த்தி செயல்விளக்கம், மஞ்சள் ஒட்டுப்பொறி செயல்விளக்கம், இலை வண்ண அட்டை செயல்விளக்கம். ஒவ்வொன்றுக்கும் படம் எடுக்க வேண்டும், பத்திரிகையில் செய்தி வந்தால் இன்னும் நல்லது. பதிவேடு தடிமனாக இருந்தால் நல்ல மதிப்பெண். நாங்கள் போனபோது அந்த ஊரில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுவடை இயந்திரத்துக்கு வரிசையில் நிற்கும் மனிதரைப் பிடித்து நிறுத்தி விதை நேர்த்தி காட்டினோம். அவர் கோபப்படாமல் பார்த்தார். எனக்குத்தான் கூசியது.

பதிவேட்டில் 'பங்கேற்ற விவசாயிகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'அவர்கள் கேட்ட கேள்வி' என்று ஒரு கட்டம் இல்லை. நானாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டதில் பெரும்பகுதி நாங்கள் படிக்காதவை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் என்ன செய்வது, குத்தகைக்காரருக்குப் பயிர்க் காப்பீடு எப்படி, பக்கத்து வயல்காரர் களைக்கொல்லி அடித்து என் உளுந்து கருகியதற்கு யாரிடம் போவது.

2024இல் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் மாணவர்களை வயலில் இறக்கினார்கள். புல எண், பயிர், படம். அதிலும் நிறைய நடந்தோம், ஒருவரிடமும் பேசவில்லை.

தெற்குத்தெரு (மன்னார்குடி வட்டம், மகளிர் குழு)

அந்தக் கோலப்பொடிப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் போட்டதாக இருக்காது, ஆனால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

பிள்ளையார் கோயில் வாசலில் போட்டார்கள். ஆற்றுக்கு நீலம், வயலுக்குப் பச்சை, வீட்டுக்கு மஞ்சள். வாய்க்காலை நேர்கோடாக இழுத்து ஊருக்குத் தெற்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். சுற்றி நின்ற ஆண்கள் தலையாட்டினார்கள். நடவு முடிந்து வந்த எங்கள் தெருப் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தோம். எங்கள் சின்னம்மா மட்டும், "வாய்க்கால் அங்கே நிற்காதே, இன்னும் தெற்கே வருமே, நாங்கள் இறங்கித் தூர்வாரியிருக்கிறோமே" என்றார். ஒரு பெண் பிள்ளை ஓடிவந்து நீலப் பொடியை அவர் கையிலேயே கொடுத்தாள். சின்னம்மா குனியவில்லை. கோயில் வாசலில் குனிந்து கோடு போட எங்களுக்கு எப்போது இடம் இருந்தது? பொடியை வாங்கிப் பக்கத்தில் நின்ற பையன் கையில் கொடுத்து, எங்கே போட வேண்டும் என்று மட்டும் சொன்னார். பிள்ளைகள் தெற்கே வந்து எங்கள் தெருவில் போட்டிருந்தால் அந்தப் படம் வேறாக இருந்திருக்கும். எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்பது என்பது உங்கள் பாடத்தில் இருக்கிறதா அம்மா?

இன்னொன்று. 1986இல் டென்மார்க் அரசின் உதவியோடு பண்ணை மகளிர் பயிற்சித் திட்டம் வந்தது, தான்வா என்பார்கள். பெண் வேளாண் அலுவலர்கள் ஊருக்கே வந்து பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். என் அம்மா விதையை உப்புக் கரைசலில் போட்டுப் பதர் நீக்கக் கற்றது அதில்தான். இன்று வரும் பயிற்சி அழைப்பில் 'விவசாயப் பெருமக்கள்' என்று அச்சடித்திருக்கிறார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் போகிறார். நாற்றுப் பறிப்பது, நடுவது, களையெடுப்பது நாங்கள். ஒரு குத்தில் எத்தனை நாற்று என்று முடிவு செய்வது எங்கள் விரல். அந்த விரலுக்குப் பயிற்சி கொடுக்காமல் யாருக்குக் கொடுக்கிறீர்கள்?

கோரையாறு

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. ஒற்றை நாற்று நடவு வந்தபோதே பார்த்தோம். 2010இல் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி அதற்கு 'இராஜராஜன் 1000' என்று பெயரே சூட்டினார்கள். 14 நாள் நாற்று, 25 செ.மீ. இடைவெளி, ஏக்கருக்கு மூன்று கிலோ விதை, கோனோ களைக்கருவி. நடுகிறவர்களுக்குச் சொல்லாமல் நிலத்துக்காரர்களுக்குக் கூட்டம் போட்டார்கள். கயிறு பிடித்து ஒற்றை நாற்றாக நட நேரம் கூடுதல், கூலி பழைய கூலி. எங்கள் ஊரில் நடவுக்கு ஆள் வர மறுத்தார்கள்.

அதைவிட, தாழ்ந்த வயலில் சம்பாவுக்கு 14 நாள் நாற்றை நட்டால் ஐப்பசி மழையில் என்ன ஆகும்? மேட்டு வயலுக்கும் போர்வெல் உள்ள இடத்துக்கும் அது சரியான முறை. குறுவையில் நானே செய்து நல்ல விளைச்சல் கண்டிருக்கிறேன். எங்கே செய்யலாம், எங்கே கூடாது என்று பிரித்துச் சொல்லத்தானே படித்தவர் வேண்டும்? வந்தவரோ இலக்கு இத்தனை ஏக்கர் என்று நின்றார்.

உரக்கடை

கடைக்காரரைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் எழுதுகிறேன்.

நான் இளங்கலை வணிகவியல். ஹைதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் (மேனேஜ்) 2003இல் தொடங்கிய இடுபொருள் விற்பனையாளர் பட்டயப் படிப்பைப் படித்தேன். வாரம் ஒரு நாள், மொத்தம் 48 வாரம். கடை விடுமுறை நாளில் வகுப்பு. நடுநடுவே வயல் பயணம், ஆராய்ச்சி நிலையம். திங்கட்கிழமை கடைக்கு வந்தால் நேற்றுப் படித்த பூச்சி ஒரு பாலிதீன் பையில் மேசைக்கு வந்திருக்கும். பாடமும் வேலையும் ஒரே வாரத்தில் கைகோத்தன. நான்கு வருடப் படிப்புக்கு இல்லாத வசதி இது. வகுப்பில் புரியாமல் போனதை விவசாயியின் பயிர் புரிய வைத்தது.

எங்களைக் குறை சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் இலைப் படம் வந்தால் நான் பதில் சொல்கிறேன். வேறு யார் சொல்கிறார்கள்?

கோரையாறு

பதில் சொல்கிறீர்கள், கூடவே பாட்டிலும் கொடுக்கிறீர்கள். நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் வந்த வயலுக்குச் செயற்கை பைரித்ராய்டு அடித்தால் பூச்சி அடங்காது, எகிறும். என் மைத்துனருக்கு ஒரு கடையில் அதைத்தான் கொடுத்தார்கள். அரை வயல் தீய்ந்தது. உங்கள் கடை என்று சொல்லவில்லை. "தண்ணீரை வடித்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள், மருந்து வேண்டாம்" என்று சொல்லும் கடைக்காரர் அன்று எதை விற்பார்?

உரக்கடை

சில நாள் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வியாபாரம் இல்லைதான். ஆனால் அவர் அடுத்த பட்டத்துக்கு உரத்தை என்னிடமே வாங்கினார். எல்லாக் கடைக்கும் அந்தப் பொறுமை இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். கடன் கொடுத்து வாங்கும் வியாபாரம் இது. கம்பெனிப் பிரதிநிதி மாதக் கடைசியில் வந்து உட்கார்ந்தால் பொறுமை குறையும்.

நெறியாளர்

மேட்டூர் ஜூன் 12 திறப்பு, காவிரி நீர்ப் பங்கீடு பற்றி வந்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பயிற்சி பற்றி மட்டும்.

வட்டாரம்

அட்மாவில் (வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) ஒப்பந்தப் பணியாளர். பெயர், வட்டாரம் வேண்டாம். படித்தது முதுநிலை, விரிவாக்கத்தில்தான். ஆய்வேட்டுக்குத் தங்கப்பதக்கம் வாங்கியவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது இங்கே எதற்கும் உதவவில்லை.

என் நாள் எப்படிப் போகிறது? காலையில் மானியப் பயனாளிகள் பட்டியலை இணையத்தில் ஏற்ற வேண்டும். சிட்டா ஒரு பெயரில், ஆதார் வேறு எழுத்தில் இருக்கும், திரும்பி வரும். பதினொரு மணிக்குப் பயிற்சிக் கூட்டம். கூட்டத்தைவிடக் கையெழுத்துத் தாள் முக்கியம், இடக்குறியீட்டோடு படம் அதைவிட முக்கியம். மதியம் விதைக் கிராமத் திட்டத்துக்கு இருப்புக் கணக்கு. காப்பீட்டுக் காலத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை: ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போட வேண்டும். அந்த எடையால் இழப்பீடு வருமா வராதா என்பதால் ஊரே சுற்றி நிற்கும். அங்கே நான் ஆலோசகன் இல்லை, நீதிபதி. நேற்று நீதிபதியாக நின்றவனிடம் நாளை மனம் விட்டு யார் பேசுவார்கள்?

மாலையில் ஒரு வயலுக்குப் போகலாம் என்றால் மேலிருந்து காணொலிக் கூட்டம்.

ஆடுதுறை ஐயா சொன்ன பதினைந்து நாள் பாடம் எனக்குக் கிடைத்தால் என் சம்பளத்தில் பாதியைக் கொடுப்பேன். (பாதி என்பது பெரிய தொகை இல்லை என்பதையும் கவனத்தில் கொள்க.) கோரையாறு ஐயா, தம்பி விரிவாக்கம் படிக்கட்டும், நல்ல துறை. அரசுத் தேர்வாணையத் தேர்வையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்த வேலைக்கு வர வேண்டாம்.

வகுப்பறை

விரிவாக்கக் கல்வி கற்பிக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் போகலாம் என்றுதான் நினைத்தேன்.

முதலில் அமைப்பைப் பற்றி. நமது வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க நிலக்கொடைப் பல்கலைக்கழக (அரசு கொடுத்த நிலத்தைக் கொண்டு தொடங்கப்பட்டவை) மாதிரியில் கட்டப்பட்டவை. 1960இல் பந்த்நகர் முதலாவது, கோவை 1971இல். ஆனால் மாதிரியின் ஒரு கால் வரவில்லை. அங்கே 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டப்படி மாவட்டத்தில் விவசாயியைச் சந்திக்கும் ஆள் பல்கலைக்கழகத்தோடு பிணைக்கப்பட்டவர். அவர் கொண்டுவரும் கேள்வி ஆராய்ச்சியாளரின் மேசைக்குப் போகும். இங்கே கற்பித்தலும் ஆராய்ச்சியும் பல்கலைக்கழகத்திடம், களப்பணி வேளாண்மைத் துறையிடம். எங்களிடம் இருப்பது வேளாண் அறிவியல் நிலையங்கள் மட்டும். நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் வந்தது. டெல்டாவில் நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் இருக்கின்றன. நல்ல வேலை செய்கிறார்கள், ஆனால் ஒரு மாவட்டத்துக்கு ஒரு கைப்பிடி ஆட்கள். நான் உருவாக்கி அனுப்பும் மாணவர் வயலில் தடுமாறினால் எனக்குத் தெரிய வழியே இல்லை. அவர் வேறு துறையின் ஊழியர். எனக்கு வரும் கணக்கு எத்தனை பேர் தேர்ச்சி, எத்தனை கட்டுரை வெளியீடு என்பதுதான்.

இரண்டாவது, எங்கள் பாடத்தைப் பற்றி. அயோவாவில் கலப்பின மக்காச்சோளம் பரவியதை ரயான், கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943இல் எழுதினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் விவசாயிகளை முன்னோடிகள், விரைந்து ஏற்போர், பின்தங்குவோர் என்று பிரிக்கும் பாடம். மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். எங்கள் துறையில் எத்தனையோ ஆய்வேடுகள் ஒரு வட்டாரத்தில் வினாப்பட்டியலைக் கொடுத்து இதே பிரிவுகளில் ஆட்களைப் போட்டு முடிந்திருக்கின்றன. தெற்குத்தெரு அம்மா சொன்னதைப் படித்தபின் யோசிக்கிறேன்: டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்குச் செய்கிறவருக்குச் சிட்டா இல்லை, கூட்டுறவுக் கடன் இல்லை, மானிய விதை இல்லை. வினாப்பட்டியலில் அவர் பின்தங்குவோர். அவர் மனப்பான்மையை அளக்க ஓர் அளவுகோல்கூடத் தயாரித்திருக்கிறோம். குத்தகையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. அதை விளக்கும் வகுப்பு எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

ஆனால் கோரையாறு ஐயாவிடம் ஒரு மாறுபாடு. விரிவாக்கப் பணியாளர் பூச்சி கண்டுபிடிப்பவராக இருந்தால் போதும் என்பது போல எழுதுகிறீர்கள். அதற்குப் பூச்சியியல் பட்டம் போதும். இந்தோனேசியாவில் புகையான் நெல்லை அழித்தபோது 1986இல் அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. ஒரு பருவம் முழுக்க, வாரம் ஒரு காலை, இருபத்தைந்து பேர் அளவில் வயலில் இறங்கிப் பார்த்து, படம் வரைந்து, தங்களுக்குள் வாதாடி முடிவெடுத்தார்கள். நடத்துனர் பதில் சொல்லமாட்டார், திருப்பிக் கேள்வி கேட்பார். அதற்குப் பயிற்சி வேண்டும். அந்த நடத்துனர்களே முதலில் ஒரு முழுப் பருவம் தாங்களே பயிர் வைத்துப் பழகினார்கள். நாங்கள் அதே பெயரில் பள்ளி நடத்துகிறோம், ஒலிபெருக்கி வைத்து உரையாற்றுகிறோம்.

ஆடுதுறை27

அம்மாவோ ஐயாவோ, வகுப்பறைக்கு என் வணக்கம். உள்ளிருந்து இவ்வளவு வெளிப்படையாக எழுதுவது அபூர்வம்.

என் பெயருக்குக் காரணமான நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கிறேன். ஆடுதுறை 27 பரவியது விரிவாக்கத்தின் வெற்றி என்று பாடம் சொல்கிறது. 105 நாள் பயிர். குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டது, ஈர நெல் களத்தில் முளைத்தது. ரகத்தைப் பரப்பியவர்களில் ஒருவரும் காய வைப்பதை யோசிக்கவில்லை. அந்த ஈர நெல்லுக்காகத்தான் 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கியது; அதுவே வளர்ந்து இன்று தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. விவசாயியின் புலம்பல் ஒரு நிறுவனமாக மாறிய கதை. இப்போது மாணவியின் நோட்டில் 17 சதவீத ஈரப்பதக் கேள்வி இருக்கிறது என்றாரே, அது அன்றைய கேள்வியின் பேத்தி. அந்த நோட்டைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதே அம்மா.

இறுதியாண்டு

போடமாட்டேன் ஐயா. ஒரு சந்தேகம். புகையானைத் தேர்வுக்கு எழுதியிருக்கிறேன், அறிவியல் பெயரோடு. வயலில் எப்படிப் பார்ப்பது? ஒருவரும் காட்டியதில்லை.

ஆடுதுறை27

வரப்பிலிருந்து தெரியாது. தெரியும்போது வட்டமாகத் தீய்ந்திருக்கும், அப்போது வேலை முடிந்துவிட்டது. பயிர் தூர் கட்டி மூடிய பிறகு, வரப்பை விட்டு நன்றாக உள்ளே போ. குத்தை இரண்டு கையாலும் பிரித்துத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார். பழுப்பு நிறத்தில் சிறு பொட்டு போல ஒட்டியிருக்கும், கை பட்டால் பக்கவாட்டில் நகர்ந்து மறுபுறம் ஒளியும். குத்தை லேசாகச் சாய்த்துத் தட்டினால் தண்ணீரில் விழுந்து மிதக்கும். அதை எண்ணு. கூடவே சிலந்தி இருக்கிறதா என்று பார். தூருக்கு ஒரு பூச்சி என்றால் நடவடிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தியை எண்ணாமல் மருந்து சொல்கிறவர் வரப்பிலிருந்தே பேசுகிறார் என்று அர்த்தம். முதலில் தண்ணீரை வடி. யூரியாவை நிறுத்து. அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி நடாமல் இடைவெளி விடச் சொல். மருந்து தேவைப்பட்டால் தெளிப்பான் முனை தூரின் அடிக்குப் போக வேண்டும், இலைமேல் அடித்தால் பூச்சிக்குக் குளிப்பாட்டுவதோடு சரி.

உரக்கடை

இதோடு ஒன்று: ஏக்கருக்கு எத்தனை டேங்க் அடிக்கிறார் என்று முதலில் கேட்டுவிடுங்கள். மில்லி கணக்கு எல்லோரும் சொல்கிறார்கள். அடிக்கும் ஆள் மூடியால் அளக்கிறார், ஐந்து டேங்கில் முடிக்கிறார். மருந்து வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருகிறார். தண்ணீர்தான் போதவில்லை.

தெற்குத்தெரு

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் பேச்சு மறுபடியும் பூச்சிக்கே போய்விட்டது, கவனித்தீர்களா? வகுப்பறை எழுதிய குத்தகை விஷயத்துக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. பூச்சி எல்லோருக்கும் வருகிறது, நிவாரணம் சிட்டா உள்ளவருக்கு வருகிறது. 2018 கஜா புயலுக்குப் பிறகு நாங்கள் அதைப் பார்த்துவிட்டோம். அந்த மனுவை எப்படி எழுதுவது, கிராம நிர்வாக அலுவலரிடம் எந்தச் சான்று கேட்பது என்று சொல்லிக்கொடுக்க ஒரு படித்த பிள்ளை வந்திருந்தால் அது வேளாண்மைக்கு வெளியே போனதாகாது. பட்டுக்கோட்டையில் ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஊராட்சித் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் அங்கே வகுப்பு நடக்கிறது. வேளாண் மாணவர்களையும் ஒரு வாரம் அங்கே உட்கார வைத்தால் என்ன குறைந்துவிடும்?

வகுப்பறை

குறையாது. இரண்டு துறைகள், இரண்டு செயலர்கள் என்பதுதான் சிக்கல். விருந்தினர் உரையாக அழைக்க எனக்கு அதிகாரம் உண்டு, அதை இந்தப் பருவத்திலேயே செய்கிறேன். பணி அனுபவப் பருவத்தின் மாதங்களை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. கல்விக்குழுவுக்குப் போக வேண்டும். ஆனால் மாணவர்கள் விருப்பப்பட்டு நாற்றங்காலிலிருந்து அறுவடை வரை ஒரே ஊருக்கு வார இறுதிகளில் போவதைத் தடுக்க விதி எதுவும் இல்லை. திருச்சி நாவலூர் குட்டப்பட்டு, ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரிகளிலிருந்து பஸ் பிடித்தால் டெல்டா ஊர்கள் எட்டும் தூரம்தான். 'கேட்ட கேள்விகள்' என்ற கட்டத்தைப் பதிவேட்டில் சேர்ப்பதும் என் கையில் இருக்கிறது. மதிப்பெண்ணும் அதற்கே அதிகம் போடலாம்.

வட்டாரம்

அந்தக் கேள்விகளின் நகல் ஒன்று வட்டார அலுவலகத்துக்கும் வர வழி செய்யுங்கள். மாதக் கூட்டத்தில் வைக்க ஏதாவது உண்மையானது இருக்கும்.

கோரையாறு

பையனிடம் இந்த இழையை அனுப்பினேன். விரிவாக்கத்துக்கே விண்ணப்பிக்கிறேன் என்கிறான். வட்டாரம் சொன்ன தேர்வையும் எழுதுவான். நான் தடுக்கவில்லை.

மாணவர்கள் வருவதாக இருந்தால் என் ஏழு மா தயார். இந்த முறை சி.ஆர். 1009 சப்-1 போடுகிறேன், தாழ்ந்த வயல், இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும் ரகம். ஆவணி பிறப்பதற்குள் நாற்று விட்டாக வேண்டும். எந்தக் கிழமை வருவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மடையை அதற்கேற்ப வைத்திருப்பேன்.

இறுதியாண்டு

நாங்கள் நான்கு பேர் வருகிறோம் ஐயா. சனிக்கிழமை.

தெற்குத்தெரு

அவர் வயலைப் பார்த்துவிட்டு அப்படியே இங்கேயும் வாருங்கள். பகலில் வராதீர்கள், நடவுக்குப் போய்விடுவோம். ஆறு மணிக்கு மேல் தெருவில் எல்லோரும் இருப்போம். படிவம் எதுவும் கொண்டுவர வேண்டாம், முடிந்தால் அந்த 1969 சட்டத்தின் தமிழ் நகல் ஒன்று எடுத்து வாருங்கள்.